நான்கு டிகிரி ஜன்னல்

புதிய டெலிஃபோட்டோ சூம் லென்ஸைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் எடுக்கும்?" இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் ஓர் அக்கா கேட்டார். அதற்கு இன்னும் யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதல் இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

எங்களுடையது சின்னப் புகைப்படக் குழு. பன்னிரண்டு பேர். ஒரு தமிழாசிரியர், இரண்டு தாதியர், ஒரு டாக்சி ஓட்டுநர், கணினித் துறைத் தம்பிகள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், மைக் முன்னால் பேசிப் பிழைக்கும் நான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் தன் கருவியைக் கொண்டு வருவார். மற்றவர்கள் தங்கள் மெமரி கார்டைப் போட்டுக்கொண்டு ஆளுக்குக் கால் மணி நேரம் எடுத்துப் பார்ப்போம். ஒரே விதி: பட்டை எப்போதும் கழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த மாதம் டாக்சி அண்ணனின் முறை. நிக்கான் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 180–600 மில்லிமீட்டர் சூம் லென்ஸ். "ரெண்டு வருஷம் சேர்த்து வாங்கினது. கீழ போட்டீங்கன்னா நான் ரெண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் ஓட்டணும்" என்று சொல்லித்தான் பையைத் திறந்தார். விலை இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். இரண்டாவது கேள்விக்குப் பதில் முடிந்தது.

முதல் கேள்விக்கு வருவோம். 600 மில்லிமீட்டர் என்றால் என்ன?

கையை முழுதாக நீட்டி, இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த விரல்கள் எவ்வளவு அகலத்தை மறைக்கின்றனவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் 600 மில்லிமீட்டரில் படத்துக்குள் வரும். கணக்காகச் சொன்னால், முழுச்சட்டக உணரி உள்ள கேமராவில் மூலைக்கு மூலை சுமார் 4 டிகிரி. நம்மைச் சுற்றி இருப்பதோ 360 டிகிரி. அதில் நான்கைத் தவிர மற்ற அனைத்தையும் இந்த லென்ஸ் வெட்டி எறிந்துவிடுகிறது.

வானொலிக்காரனுக்கு இது புதிய செய்தியல்ல. வெளிப்புற ஒலிப்பதிவுக்கு நாங்கள் எடுத்துச் செல்லும் நீளமான 'ஷாட்கன்' மைக்கைப் பார்ப்பவர்கள், அது தூரத்துக் குரலைப் பக்கத்தில் இழுத்து வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். அது எதையும் இழுத்து வருவதில்லை. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். எஞ்சியிருக்கும் குரல் அருகில் இருப்பது போலக் கேட்கிறது. லென்ஸும் அப்படியே. பறவை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த உலகம்தான் காணாமல் போகிறது.

இன்னொரு கணக்கு. வானத்தில் நிலா பிடிக்கும் இடம் சுமார் அரை டிகிரி. ஆகவே 600 மில்லிமீட்டரில் நிலாவை எடுத்தால், படத்தின் உயரத்தில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். "இவ்வளவு பெரிய லென்ஸ், நிலா படம் முழுக்க வராதா?" என்று கணினித் தம்பி ஒருவர் ஏமாந்து போனார். வராது.

லென்ஸின் நீளத்தையும் பாருங்கள். 600 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள இந்தக் குழல் 32 சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. குவியத் தூரத்தைவிடக் குட்டையாக இருக்கும்படி கண்ணாடிகளை அடுக்குவதுதான் 'டெலிஃபோட்டோ' என்ற சொல்லின் சரியான பொருள். அந்த வித்தை 1891-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சூம் செய்யும்போது இந்த லென்ஸ் வெளியே நீளுவதும் இல்லை. உள்ளுக்குள்ளேயே கண்ணாடிகள் நகர்கின்றன. இதனால் பையில் இடம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் கையில் பிடிக்கும்போது எடை முன்னால் சாயாது.

சோதனைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். 1993-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் கரையோரப் பறவைகளை அங்கே பார்க்கலாம். சைபீரியா வரை போய் முட்டையிட்டு, குளிருக்குத் தப்பி இங்கே இறங்கும் பறவைகளும் அவற்றில் உண்டு. அனுமதி இலவசம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: புறப்படும் முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே சேற்றுத் திட்டுகள் நீரில் மூழ்கும்போதுதான் பறவைகள் காப்பகக் குளங்களுக்கு வந்து ஒதுங்கும். அந்த நேரத்தில் மறைவுக் குடிலில் உட்கார்ந்தால், பறவைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம். நீர் ஏறிக்கொண்டிருந்தது. சிவந்த கால்களோடு பவளக்காலிகள் கூட்டமாக நின்றன. நீண்டு வளைந்த அலகுடைய விம்ப்ரல்கள் ஒற்றைக் காலில் தூங்கின. என் கால் மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டவற்றை, இப்படியொரு லென்ஸ் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, எடை. முக்காலிப் பிடி இல்லாமலே 1,955 கிராம். கேமராவையும் சேர்த்தால் இரண்டரை கிலோவைத் தாண்டும். முதல் ஐந்து நிமிடம் வீரம் காட்டலாம். பத்தாவது நிமிடம் இடது தோள் பேச ஆரம்பித்துவிடும். ஒற்றைக்கால் தாங்கி ஒன்று இருந்தால் காலைப் பொழுதைக் கடத்தலாம். எங்கள் பெரியவர் குடிலின் சன்னல் கட்டையில் ஒரு சிறிய அரிசிப் பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டார். அன்று அதிகப் படங்கள் தெளிவாக வந்தது அவருக்குத்தான்.

இரண்டாவது, வெளிச்சம். 600 மில்லிமீட்டரில் இதன் அகன்ற திறப்பு எஃப் 6.3. இதே நீளத்தில் எஃப் 4 திறப்புள்ள லென்ஸ்கள் உண்டு. அவை இதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அவற்றின் விலை பல மடங்கு. காலை ஏழரை மணி வெயிலில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கண்டல் மரங்களின் நிழலில் மீன்கொத்தி வந்து உட்காரும்போது தெரியும்.

மூன்றாவது, கையசைவுத் தடுப்பு. உங்கள் கை நடுங்குவதை அது சரி செய்யும். பறவையின் சிறகு அடிப்பதை அது நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். "அதான் தடுப்பு இருக்கே" என்று மெதுவான வேகத்தில் எடுத்தவர்களுக்குத் தெளிவான மரமும் கலங்கிய கொக்கும் கிடைத்தன.

நான்காவது, நம்மூர் வெயில். பத்து மணிக்கு மேல் சேற்றின்மேலும் நீரின்மேலும் சூடான காற்று எழுந்து அலையத் தொடங்கும். தூரத்துப் படங்கள் எல்லாம் நீருக்கடியில் எடுத்ததைப் போல நெளியும். லென்ஸில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டாம். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் இதற்கு மருந்து கிடையாது. சீக்கிரம் எழுந்திருப்பதுதான் மருந்து.

ஐந்தாவது, ஈரப்பதம். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பிறகு திறங்கள். வீட்டில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் ஒரு வருடத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடலாம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர்பெட்டியின் விலையையும் லென்ஸின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வருடத்துக்கு நான்கு முறைதான் பறவை பார்க்கப் போவீர்கள் என்றால், வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். இதுதான் என் தீர்ப்பு. டாக்சி அண்ணன் போல வாரம் தவறாமல் போகிறவர் என்றால், சேர்த்த காசு வீண் போகாது.

மூன்றாவது கேள்வி இனிதான் வருகிறது.

திரும்பும் வழியில் கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தங்கள் படத்தை ஒரு மடிக்கணினியில் ஏற்றிக் காட்டினோம். என் பவளக்காலிக்கு இரண்டு பேர் தலையாட்டினார்கள். பெரியவரின் விம்ப்ரலுக்குக் கைதட்டல். பிறகு கணினித் தம்பிகளில் இளையவர் தன் படத்தைத் திறந்தார். மேசையில் பேச்சு நின்றது.

அது பறவைப் படமல்ல. குளத்துக்கு அந்தப் பக்கம், ஏறத்தாழ எண்பது மீட்டர் தள்ளி, ஒரு நிழற்குடை. சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். பக்கத்தில் ஒரு மூதாட்டி. குடுவையிலிருந்து கஞ்சி ஊட்டுகிறார். முதியவரின் கண் மூடியிருக்கிறது. சட்டையில் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. மூதாட்டியின் இடது கை அவர் தாடையைத் தாங்கியிருக்கிறது. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து அந்த விரல்களின் சுருக்கத்தை எல்லாம் எண்ணிக்கொள்ளலாம் போல.

"தம்பி, இது பரிசு வாங்கும்" என்றார் பெரியவர். மாத இறுதியில் ஒரு புகைப்படப் போட்டிக்குக் கடைசித் தேதி. தம்பியும் அதை நினைத்துத்தான் வைத்திருந்தார்.

தாதியக்கா தே தாரிக் குவளையைக் கீழே வைத்தார். "இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதான் இவ்வளவு இயல்பா இருக்கு. பொது இடம்தானே, யார் வேணும்னாலும் பார்க்கலாமே."

"பார்க்கலாம். ஆனா நீ நின்ன இடத்துலேர்ந்து உன் கண்ணால அந்தக் கஞ்சியைப் பார்க்க முடிஞ்சுதா?"

தம்பி பதில் சொல்லவில்லை.

அக்கா தொடர்ந்தார். "வார்டுல நாங்க திரையை இழுத்துட்டுத்தான் ஒருத்தருக்கு வாயைத் துடைச்சு விடுவோம். பக்கத்துப் படுக்கைக்காரர் நல்ல மனுஷர்தான். பார்த்தா ஒண்ணும் ஆகிடாது. இருந்தாலும் இழுப்போம். அந்தப் பாட்டிக்கு அங்க திரை இல்ல. எண்பது மீட்டர் தூரம்தான் திரை. யாரும் இல்லாத இடமாப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்காங்க."

நம் நாட்டில் பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. தம்பி செய்ததில் சட்டப்படி தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அக்கா பேசியது சட்டம் அல்ல. பொது இடத்தில் இருப்பவர்கள் எவ்வளவு தூரத்துக்குத் தாங்கள் தெரிகிறோம் என்பதைக் கண்ணை வைத்துத்தான் கணிக்கிறார்கள். அந்தக் கணக்கை இரண்டு கிலோ கண்ணாடி மாற்றிவிடுகிறது. அது மாறியது அவர்களுக்குத் தெரியாது.

பெரியவர் விடவில்லை. "கேட்டுட்டு எடுத்தா அந்த நிமிஷம் போயிடும்மா. உடனே சட்டையைச் சரி பண்ணுவாங்க, கேமராவைப் பார்த்துச் சிரிப்பாங்க. உலகத்துல நல்ல படம் பாதி கேக்காம எடுத்ததுதான். இதுல அசிங்கம் என்ன இருக்கு? அன்புதானே தெரியுது?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படம் யாரையும் கேலி செய்யவில்லை.

ஊடகப் படிப்பு படித்தவன் என்பதால் என்னையும் இழுத்தார்கள். நான் வகுப்பில் படித்ததைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொன்னேன். 2020 ஏப்ரலில், கிருமித்தொற்று முடக்கக் காலத்தில், டென்மார்க்கில் இரண்டு செய்திப் புகைப்படக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தலைநகரில் ஒரே கூட்டத்தை, ஒரே நேரத்தில், விரிகோண லென்ஸாலும் டெலிஃபோட்டோ லென்ஸாலும் எடுத்தார்கள். டெலிஃபோட்டோ படத்தில் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மற்றதில் ஒழுங்காக இடைவெளி விட்டிருந்தார்கள். இரண்டு படத்திலும் பொய் இல்லை.

காரணம் எளிது. இருவர் ஒருவர் பின் ஒருவராக இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டரிலிருந்து எடுத்தால், முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிவார். நடுவில் இடைவெளி இருப்பது புரியும். அறுபது மீட்டரிலிருந்து எடுத்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு. இடைவெளி மறைந்துவிடும். லென்ஸ் செய்யும் மாயம் இல்லை இது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதன் விளைவு. தூரத்தில் நின்று எடுத்த படம் பார்ப்பவரிடம், 'எடுத்தவர் பக்கத்தில் இருந்தார்' என்று சொல்லிவிடுகிறது. தம்பியின் படத்தைப் பார்க்கும் எவரும், அந்தத் தம்பதி அவரை நம்பிப் பக்கத்தில் விட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போதுதான் டாக்சி அண்ணன் வாயைத் திறந்தார். பேச்சை அக்கா பக்கம் சாய்ப்பார் என்று நான் நினைத்தேன். பல வருடங்களுக்கு முன் தைப்பூசத்தில் அவர் காவடி எடுத்திருக்கிறார். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வரை அவர் அப்பா கூடவே நடந்திருக்கிறார். ஏதோ ஓர் இடத்தில், சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து யாரோ ஒருவர் படம் எடுத்திருக்கிறார். அண்ணனுக்கு அது தெரியாது. சில மாதம் கழித்து நண்பர் ஒருவர் ஒரு சிறிய கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எடுத்தவரிடம் பேசி, ஒரு பிரதி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்.

"அப்பா என் முதுகைத் துடைக்கிறாரு. என் மூஞ்சி கன்றாவியா இருக்கு. ஆனா அப்பாவும் நானும் சேர்ந்து இருக்கிற கடைசிப் படம் அதுதான். அவரு கேட்டிருந்தா, அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

மேசையில் மறுபடியும் அமைதி. இப்போது பெரியவர் ஜெயித்துவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணனின் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் படம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வராமல், முன்பின் தெரியாதவர்களின் கைப்பேசியில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், இதே அண்ணன் வேறு கதை சொல்லியிருக்கலாம். வந்து சேர்ந்தது நண்பரின் கண்ணால். எடுத்தவர் தேடி வரவில்லை.

வானொலியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பால பாடம் ஒன்று உண்டு. நேயர் ஒருவரின் அழைப்பை நிகழ்ச்சிக்குள் கொண்டுவரும் முன், 'நீங்கள் இப்போது நேரலையில் பேசப்போகிறீர்கள்' என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இயல்பு போய்விடும் என்று பெரியவர் பயப்பட்டாரே, என் அனுபவம் அப்படியில்லை. முதல் அரை நிமிடம் குரல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பிறகு இளகிவிடும். தெரிந்தே பேசியவர்கள்தான் என் நிகழ்ச்சியில் அழுதிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், இத்தனை வருடம் மனைவியிடம் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்கள். பேசிவிட்டு மறுநாள் அழைத்து, "அதை மறுஒலிபரப்பு செய்யாதீங்க" என்று சொன்னவரும் உண்டு. செய்யவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "முன்னாடியே கேக்கணும்னு நான் சொல்லலையே. நாலு எட்டு நடந்து போய்க் காட்டியிருக்கலாம்னுதான் சொல்றேன். எண்பது மீட்டர்தானே. லென்ஸு போன தூரம் நீ போக முடியாதா?"

அன்று எங்கள் குழுவில் ஒரு வழக்கம் பிறந்தது. பறவைக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் எடுக்கலாம். தூரத்தில் இருப்பதுதான் பறவைக்கும் நல்லது. மனிதர் முகம் தெரியும்படி எடுத்தால், நடந்து போய்த் திரையில் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்க வேண்டும். வேண்டும் என்றால் ஒரு பிரதி அனுப்பி வைக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ தெருவுல ஒரு படம்கூட எடுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே எல்லாருடைய தே தாரிக்குக்கும் காசு கொடுத்தார்.

தம்பி படத்தை அழிக்கவில்லை. போட்டிக்கும் இன்னும் அனுப்பவில்லை. கடையில் கொடுத்து ஒரு பிரதி எடுத்து, பழுப்பு உறையில் போட்டு கேமராப் பையில் வைத்திருக்கிறார். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே சுங்கை பூலோ போய் அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறார். பத்தரை வரை யாரும் வரவில்லை. லென்ஸ் எடுத்துப் போகவில்லையாம். எதிர்க்கரையில் ஒரு சாம்பல் நாரை மீனோடு நின்றதைக் கைப்பேசியில் எடுத்து எங்களுக்கு அனுப்பினார். ஒரு புள்ளிதான் தெரிந்தது.

மாத இறுதிக்குள் இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு தாதியக்காவுக்கு வேலை இல்லை. அவரும் கூடப் போகிறார்.